ஆச்சி ஏறாத விமானம்

புந்தோங், ஈப்போ, மலேசியா
12 ஜூன், வியாழன்

சம்பந்தி புனிதவதி ஆச்சிக்கு,

கலாதேவியின் வணக்கம். போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் சண்டை போடுகிறோம் என்று உங்கள் மகன் சொக்கநாதனும் என் மகள் குமுதாவும் சேர்ந்து சட்டம் போட்டுவிட்டார்கள். கல்யாணம் முடிகிறவரை அம்மாக்கள் ஒருவருக்கொருவர் போன் செய்யக் கூடாதாம். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக் கொடுத்தால் படம் பிடித்து அனுப்பி வைப்பார்களாம். எழுதும்போது கோபம் பாதி ஆறிவிடும் என்பது உங்கள் மகனின் கண்டுபிடிப்பு. எனக்கு ஒன்றும் ஆறவில்லை. அழுத்தி எழுதியதில் முதல் தாள் கிழிந்ததுதான் மிச்சம்.

கல்யாணம் 22ஆம் தேதி. மாப்பிள்ளையின் அம்மா இந்த நேரத்தில் விமானம் ஏறிக் கண்டனூருக்குப் போயிருக்கிறீர்கள். கேட்டால், இறந்துபோன பெரியவர்களுக்குப் படைப்பு வைக்க வேண்டும், பூர்வீக வீட்டுப் பெட்டகத்தில் இருக்கும் கழுத்துரு என்கிற தங்கத் தாலியை எடுத்து வர வேண்டும், அதைக் கட்டினால்தான் செட்டியார் வீட்டில் கல்யாணம் என்கிறீர்கள். ஈப்போவில் நகைக்கடையா இல்லை? போனில் நான் கேட்டதும் இதைத்தான். அதற்கு நீங்கள், "எங்க வீட்டு வழக்கம்" என்றீர்கள். ஒரு தரம் சொன்னால் பரவாயில்லை. மூச்சுக்கு மூச்சு அதையே சொன்னால் நானும் மனுஷிதானே, போனை வைத்துவிட்டேன்.

எங்களுக்கும் வழக்கம் உண்டு. நாளைக்கு ஐந்தாம் கட்டைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பந்தக்கால் ஊன்றுகிறோம். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, சனமும் புந்தோங்குக்கும் கமுந்திங்குக்கும் பிரிந்து போய்விட்டது. ஆனாலும் நல்லது கெட்டதுக்கு அங்கேதான் கூடுகிறோம். பந்தக்கால் ஊன்றிய பிறகு எங்களில் ஒரு கல்யாணம் நின்றதும் இல்லை, தள்ளிப் போனதும் இல்லை. இன்னொன்று, சம்பந்தி வந்து உட்காராமல் பந்தியில் ஒருவருக்கும் இலை போட மாட்டார்கள். நீங்கள் பிந்தி வந்தால் கூடியிருக்கிற அத்தனை பேரும் பட்டினி. நினைவிருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. நான் உங்களைவிட மூன்று வயது மூத்தவள். செட்டியார் வீட்டுப் பெண்களை ஆச்சி என்றுதான் கூப்பிட வேண்டும் என்று குமுதா சொன்னாள், கூப்பிடுகிறேன். நீங்கள் என்னைக் 'குமுதாவோட அம்மா' என்பதைத் தாண்டி ஒரு நாளும் வேறெதுவும் கூப்பிட்டதில்லை. நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். அதனால் இருக்கலாம். அது கிடக்கட்டும், நேரத்துக்கு வந்து சேருங்கள்.

கலாதேவி

*

கண்டனூர்
15 ஜூன், ஞாயிறு

குமுதாவின் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. விஷயத்தில்தான் காரம் தூக்கல்.

படைப்பு நல்லபடியாக முடிந்தது. பெரியவர்களுக்குப் புடவையும் வேட்டியும் சோறும் வைத்து, வீட்டுக்கு வரப்போகிற பெண்ணின் பெயரைச் சொன்னேன். எங்கள் ஆட்களில் ஒருவரைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, எங்கள் குலத்துக்கு உரிய ஒன்பது கோயில்களில் நீங்கள் எந்தக் கோயில் என்பது. பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி வேண்டுமென்றே எல்லார் முன்னாலும் கேட்டாள், "பொண்ணு எந்தக் கோயில் ஆச்சி?" என்று. "ஐந்தாம் கட்டை மாரியம்மன் கோயில்" என்றேன். இது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன், நன்றிக்காக இல்லை.

கழுத்துரு கடையில் வாங்குகிற சங்கிலி அல்ல. என் கல்யாணத்துக்கு என் ஆத்தா செய்து போட்டது. தங்க உருக்களை ஒவ்வொன்றாகக் கோர்த்து, மணவறையில் கழுத்தில் ஏறினால் அப்புறம் பெட்டகத்துக்குள் போய்விடும். எனக்குப் பெண் பிள்ளை கிடையாது. குமுதா கழுத்தில் அது ஏற வேண்டும் என்றுதான் நானே வந்து எடுத்தேன். போனில் இதைத்தான் சொல்ல வந்தேன். நீங்கள் வைத்துவிட்டீர்கள்.

உங்கள் கோயிலைப் பற்றி எனக்குக் குறை இல்லை. அதற்குப் போகிற செம்மண் பாதையைப் பற்றித்தான் குறை. என்னோடு வருகிற என் நாத்தனார் நாச்சாள் ஆச்சிக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது, சக்கர நாற்காலிதான். மழை பெய்தால் அவர்களை எப்படிக் கொண்டுவருவது என்று யாராவது யோசித்தீர்களா? ஈப்போவில் இருக்கும் என் வீட்டுக்காரர் விஸ்வநாதன் பார்த்துக்கொள்வார் என்று எழுத ஆசைதான். அவர் இன்று காலை போன் செய்து, தன் பட்டு வேட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டார்.

புதன்கிழமை திருச்சியில் விமானம். சாயங்காலம் கோலாலம்பூர் வந்துவிடுவோம். டிவியில் ஒரு விமானச் செய்தியையே திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள். தூர தேசம் ஒன்றில் விழுந்துவிட்டதாம். அதே ரகத்தில் இது இரண்டாவதாம். பாவம், எத்தனை வீடோ. மனசே சரியில்லை.

புனிதவதி

*

புந்தோங்
18 ஜூன், புதன், இருட்டும் நேரம்

ஆச்சி,

இன்றைக்கு வணக்கம் எழுத மனசு வரவில்லை.

என் தம்பி ஜெயபாலன் வேலைக்கு லீவு போட்டு, சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி என் வேனின் பின் சீட்டைக் கழற்றி, ஈப்போவிலிருந்து விமான நிலையம்வரை ஓட்டிக்கொண்டு போனான். ஆமாம், நாச்சாள் ஆச்சியை எப்படிக் கொண்டுவருவது என்று யோசித்தோம். பாதையில் கிராவல் கொட்டியும் ஆகிவிட்டது. விமானம் வந்தது. ஆட்கள் வந்தார்கள், பெட்டிகள் வந்தன, தேங்காய் எண்ணெய் டின்கூட வந்தது. நீங்கள் வரவில்லை.

கமுந்திங் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற தனேஸ்வரன் என்பவர் அதே விமானத்தில் வந்தாராம். பேர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு ஜெயபாலன் நிற்பதைப் பார்த்து அவரே வந்து சொன்னார்: "அண்ணே, அந்தம்மாவுக்குக் காத்திருக்காதீங்க லா. கடைசி நேரத்துல ஏறமாட்டேன்னுட்டாங்க. எல்லாரையும் வேற பயமுறுத்திட்டாங்க." ஜெயபாலன் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, ஆச்சி வரல" என்றான். அவன் அப்படி மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

விமானம் நல்லபடியாகத்தானே வந்து இறங்கியது? கைப்பிள்ளையோடு ஏறியவர்கள் ஏறினார்கள். வயசானவர்கள் ஏறினார்கள். உங்களுக்கு மட்டும் என்ன? நேராகவே கேட்கிறேன். இந்தக் கல்யாணம் உங்களுக்குப் பிடிக்கவில்லை. தோட்டத்துக் கோயிலும் பிடிக்கவில்லை, வேன் ஓட்டுகிற சம்பந்தியும் பிடிக்கவில்லை. வாய்விட்டுச் சொல்ல மனசில்லாமல் விமானத்தைச் சாக்காகப் பிடித்துக்கொண்டீர்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

குமுதா தன் கைக்கு மருதாணி வைக்க வந்த பெண்ணை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டாள். பந்தக்கால் ஊன்றியிருக்கிறது ஆச்சி. என் மகளுக்கு ஒரு குறை வந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

கலாதேவி

*

திருச்சி, விமான நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜ்
19 ஜூன், வியாழன், காலை

குமுதாவின் அம்மாவுக்கு,

கல்யாணத்தை நிறுத்த வேண்டும் என்றால் அதற்குத் திருச்சி எதற்கு? ஈப்போவிலேயே, உங்கள் வீட்டு வாசலிலேயே நின்று நிறுத்தியிருப்பேன். சாக்குச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. நடந்ததை எழுதுகிறேன், படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் நினையுங்கள்.

கவுண்டருக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போது ஆளாளுக்குப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மூன்று நாடுகள் அந்த ரக விமானத்தைப் பறக்கக் கூடாதென்று நிறுத்திவிட்டன என்று செய்தி. என் முறை வந்ததும் கேட்டேன், "நாங்க போறது எந்த ரகம்?" என்று. கவுண்டரில் இருந்தது சின்னப் பெண். கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அதேதாங்கம்மா. ஆனா நமக்கு இன்னும் உத்தரவு வரல" என்றாள். தெரியாது என்று அவள் சொல்லியிருந்தால் ஏறியிருப்பேன். உண்மையைச் சொல்லிவிட்டாள். தெரிந்துகொண்ட பிறகு தெரியாதவள் மாதிரி எப்படி ஏறுவது?

வேறு விமானத்தில் மாற்றிக் கொடு என்றேன். அதற்குள் பின்னால் கூச்சல். "டிவி பார்த்துட்டு வந்து பேசுறாங்க." "பறக்குறது பறக்கத்தான் செய்யும்." உங்கள் தனேஸ்வரன்தான் போலிருக்கிறது, நெற்றியில் விபூதியோடு ஒருவர், "அம்மா, எனக்கு நாளைக்கு ஷிப்ட். வரலன்னா ஒதுங்கி நில்லுங்க" என்று கத்தினார். கத்திய கையோடு விபூதியை எடுத்து இன்னொரு தரம் பூசிக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். வேலை போய்விடும் என்ற பயம் எல்லாப் பயத்தையும்விடப் பெரியது. ஒரு பெண் கைப்பையிலிருந்து மாரியம்மன் குங்குமத்தை எடுத்துத் தன் இரண்டு பிள்ளைகளுக்கும் பூசிவிட்டு, என்னைப் பார்க்காமலே போனாள். ஒரு பெரியவர் மட்டும் கிட்டே வந்து, "ஏறலாமாத்தா?" என்று கேட்டார். நான் என்ன சொல்ல முடியும்? என் உயிருக்கு நான் பதில் சொல்லலாம், அவர் உயிருக்கு எப்படிச் சொல்வது? அவர் ஏறிவிட்டார்.

நாச்சாள் ஆச்சிகூட, "ஏறுத்தா புனிதா. எமன் வர்றதுன்னா கட்டிலுக்கே வருவான்" என்றார்கள். அவர்களால் சுயமாக நடக்க முடியாது. நான் தள்ளுகிற பக்கம்தான் நாற்காலி போகும். அதனால்தான் தள்ளவில்லை.

விமானம் கிளம்பியது. கண்ணாடி வழியாக நானும் பார்த்தேன். மகன் கல்யாணத்துக்குப் போகிற விமானம் என்னை விட்டுவிட்டுப் போகிறது, அழுகை வராமல் இருக்குமா? அது கோலாலம்பூரில் இறங்கிவிட்டது என்று கவுண்டர் பெண் வந்து சொல்லும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. அது நல்லபடியாக இறங்கியதில் உங்களுக்கு என்மேல் கோபம். எனக்கு நிம்மதி.

குமுதாவை மருதாணி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எப்படியும் வந்து சேருவேன்.

புனிதவதி

*

புந்தோங்
19 ஜூன், வியாழன், மதியம் இரண்டரை

ஆச்சிக்கு வணக்கம். இரண்டு வணக்கம், நேற்றைய பாக்கியும் சேர்த்து.

மதியம் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ரேடியோவில் சொன்னார்கள். அந்த ரக விமானம் மறு உத்தரவு வரும்வரை மலேசியாவுக்குள்ளே வரவும் கூடாது, இங்கிருந்து போகவும் கூடாதாம். வேனைச் சாலை ஓரமாக நிறுத்திவிட்டேன். உங்கள் கடிதம் காலையில் வந்து, கோபத்தில் படிக்காமல் பையில் வைத்திருந்தேன். அங்கேயே உட்கார்ந்து படித்தேன். ஸ்டியரிங்மேல் தலையை வைத்து அழுதேன் ஆச்சி. பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர், "அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தனேஸ்வரன் ஜெயபாலனுக்குப் போன் செய்தார். "அண்ணே, அந்தம்மாவைப் பார்த்துக் கத்துனது நான்தான். நாலு மணி நேரம் சீட்டுக் கைப்பிடியை விடல லா. என் பக்கத்துல ரெண்டு சீட்டு காலி. அதைப் பார்க்காம இருக்கக் கண்ணை மூடிட்டே வந்தேன். அவங்க அங்க நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாராம். கல்யாணத்துக்கு வரச் சொல்லிவிட்டோம்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போன வருஷம் ஒரு காலை வேன் முழுக்கப் பிள்ளைகள். சிலிபின் சாலையில் போகும்போது பிரேக் வழக்கத்தைவிட ஒரு விரல் கூடுதலாக அமுங்கியது. ஒரே ஒரு தரம்தான். நிறுத்திவிட்டேன். பிள்ளைகளை இறக்கி மரத்தடியில் உட்கார வைத்துப் பெற்றோர்களுக்குப் போன் செய்தேன். ஒருவர் விடாமல் திட்டினார்கள். பரீட்சை நாள் வேறு. இரண்டு வீட்டில் பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றிவிட்டார்கள். மெக்கானிக் அத்தனையும் கழற்றிப் பார்த்து, "ஒண்ணும் இல்லக்கா" என்றான். இன்றுவரை அது என்னவென்று தெரியாது. நாளைக்கு அப்படி அமுங்கினாலும் நிறுத்துவேன். நிறுத்துகிறவளுக்குக் கைதட்ட ஒருவரும் வர மாட்டார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். தெரிந்தவளே நேற்று உங்களுக்கு அப்படி எழுதியிருக்கிறேன்.

எனக்காவது அது சொந்த வேன். உங்களுக்கு அத்தனை பேர் கூச்சல், மகன் கல்யாணம், கையில் கழுத்துரு, நாற்காலியில் நாத்தனார், இந்தப் பக்கம் நான் ஒருத்தி. அத்தனைக்கும் நடுவில் அசையாமல் நின்றீர்களே. என் சம்பந்தி இப்படிப்பட்டவள் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது திருச்சியிலிருந்து விமானமே இல்லை என்கிறார்கள். இன்னும் மூன்று நாள்தான். நீங்கள் இல்லாமல், உங்கள் கழுத்துரு இல்லாமல் கல்யாணம் எப்படி? பந்தக்கால் ஊன்றியபின் தள்ளிவைத்தால் ஆகாது என்று எங்கள் பெரியவர்கள் முகத்தைத் தூக்குகிறார்கள். வருகிறது என்மேல் வரட்டும். உங்கள் வாயால் சொல்லுங்கள், கல்யாணத்தைத் தள்ளிவைக்கிறேன்.

கலாதேவி

*

திருச்சி விமான நிலையம்
21 ஜூன், சனி

சம்பந்திக்கு,

தள்ளிவைக்க வேண்டாம். காரணத்தைக் கடைசியில் எழுதுகிறேன்.

இங்கே நடக்கிற கூத்தைப் பார்க்க நீங்கள் இருந்திருக்க வேண்டும். வியாழன் மதியம் உத்தரவு வந்ததும் நிலையமே சந்தைக்கடை ஆகிவிட்டது. நிறுத்தினார்களே, நல்லவேளை என்று கும்பிட்டவர்கள் பாதி. "நேத்து அதே விமானம் போய்ச் சேர்ந்துச்சே, இன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு? எடுங்க, நாங்க ஏறுறோம்" என்று சண்டைக்குப் போனவர்கள் மீதிப் பாதி. ஒருவர் ஒரு படி மேலே போய், வேண்டுமானால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், விமானத்தை விடு என்றார். நான் புதன்கிழமை ஏறாததை யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. அதிலிருந்து எனக்கு ஜோசியக்காரி மரியாதை. ஆளாளுக்கு வந்து, "ஆச்சி, அடுத்த விமானம் எந்த ரகம், ஏறலாமா?" என்று கேட்கிறார்கள்.

அத்தனை கோபமும் கவுண்டர் பெண்ணின் தலையில்தான் விடிந்தது. இரண்டு நாளாக அதே உடை, வீட்டுக்குப் போகவில்லை. ஒருவர் மேஜையைத் தட்டிப் பேசினார். எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பொண்ணா விமானம் செஞ்சது? கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அதுதான். அதைத் திட்டுறவக என்னைத் தாண்டித்தான் திட்டணும்" என்று அவள் மேஜைக்கு முன்னால் நாச்சாள் ஆச்சியின் நாற்காலியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். நாச்சாள் ஆச்சியைத் தாண்டி யார் போவது? அவர்கள் முறைத்த முறைப்பில் வரிசை தானாக நேராகிவிட்டது. அந்தப் பெண் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள். சீனியே இல்லாத டீ, அமிர்தமாக இருந்தது.

நேற்று வேறு ரக விமானம் ஒன்று அனுப்பினார்கள். சின்னது. கல்யாணப் பத்திரிகையைக் காட்டியதும் அந்தப் பெண் எங்களுக்கு இரண்டு இடம் ஒதுக்கிவிட்டாள். ஏறியிருந்தால் இன்று உங்கள் வீட்டில் உட்கார்ந்து உங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பேன். அப்போதுதான் பார்த்தேன், தேவன் என்று பாரிட் புந்தார் பையன் ஒருவன், மனைவியோடு சுவரோரம் உட்கார்ந்திருக்கிறான். கத்தவில்லை, கேட்கவில்லை. அவன் தாயார் மலேசியாவில், அவன் ஊரில் இறந்துவிட்டார்களாம். ஒரே மகன். உடல் காத்திருக்கிறது. என் கையில் கழுத்துரு, அவன் கையில் ஒன்றுமில்லை.

நாச்சாள் ஆச்சியைப் பார்த்தேன். "என்னையே ஏன் பார்க்குற? குடுத்துட்டு வா" என்றார்கள். கல்யாணத்துக்குத் தாய் பிந்தினால் மனசுக்குத்தான் குறை. கொள்ளிக்குப் பிள்ளை பிந்தினால் பிணம் காத்திருக்காது. இரண்டு இடத்தையும் கொடுத்துவிட்டேன். சொக்கநாதனிடம் போனில் சொன்னபோது "சரிம்மா" என்றான். அந்த 'சரிம்மா' இன்னும் காதில் இருக்கிறது.

எங்களுக்கு ஞாயிறு விடிகாலை விமானம் உறுதி. பகல் பன்னிரண்டரைக்குத்தான் கோலாலம்பூரில் இறங்கும். காலை முகூர்த்தத்துக்கு வர முடியாது. ஆகையால் சொல்கிறேன், உங்கள் மாரியம்மன் காலடியில் வைத்து எடுத்த மஞ்சள் கயிற்றை என் மகன் குமுதா கழுத்தில் கட்டட்டும். நேற்றுக் கழுத்துருவை எடுத்து மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை தங்கம் இருந்தாலும் அதையும் மஞ்சள் தோய்த்த நூலில்தான் கோர்த்திருக்கிறது. இத்தனை வருஷம் என் கண்ணில் படவில்லை.

ஊன்றிய பந்தக்காலுக்கு என்னால் ஒரு குறை வர வேண்டாம். எனக்காகப் பந்தியையும் நிறுத்த வேண்டாம். எல்லாரும் சாப்பிடட்டும்.

புனிதவதி

*

ஐந்தாம் கட்டை மாரியம்மன் கோயில்
22 ஜூன், ஞாயிறு, பகல்

ஆச்சிக்கு,

நீங்கள் இறங்கிப் போனைத் திறந்ததும் இதுதான் முதலில் வர வேண்டும் என்று குமுதாவிடம் சொல்லியிருக்கிறேன். மணக்கோலத்தோடு பக்கத்தில் நிற்கிறாள், படம் பிடிக்க.

தாலி ஏறிவிட்டது. மஞ்சள் கயிறுதான். உங்கள் மகன் மூன்றாவது முடிச்சுப் போட்டதும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். உங்கள் வீட்டு ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பட்டு வேட்டி கிடைத்துவிட்டது, நல்லா இருந்தார். மணவறையில் உங்களுக்குப் போட்ட நாற்காலியில் யாரையும் உட்காரவிடவில்லை. உங்கள் கடிதத்தை மடித்து அதன்மேல் வைத்தேன்.

அடுத்தது பந்தி. நீங்கள் சொன்னபடி இலை போடச் சொல்லத்தான் எழுந்தேன். சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "சம்பந்தி வந்துட்டாங்களா?" என்றார். வரவில்லை என்றேன். "அப்புறம் யாருக்கு இலை?" என்றார். நான் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன், ஆச்சி வரச் சாயங்காலம் ஆகும், அவர்களே சாப்பிடச் சொல்லிவிட்டார்கள் என்று. ஏன் பிந்துகிறார்கள் என்பதையும் சொன்னேன். பாரிட் புந்தார் பையனைப் பற்றி நான் தொடங்கியதை ஜெயபாலன்தான் முடித்தான்.

ஒருவரும் எழுந்து பந்திக்குப் போகவில்லை ஆச்சி. முதலில் சொன்னது யார் தெரியுமா? தனேஸ்வரன். "எனக்குப் பசிக்கல லா" என்றார். வெள்ளைச் சட்டையெல்லாம் போட்டு, காலையிலேயே வந்து வாழை மரம் கட்டியவர், பசிக்காமல் இருக்குமா? அவர் சொன்னதும் இன்னொருவர், அப்புறம் இன்னொருவர். பிள்ளைகளுக்கும் மாத்திரை போடுகிறவர்களுக்கும் மட்டும் இட்லி கொடுத்தோம். மற்றவர்கள் தேத்தண்ணியும் பிஸ்கட்டுமாகச் செம்பனை நிழலில் உட்கார்ந்து உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் விமானத்தை மறித்து நின்றதாகப் பேச்சு ஒரு பக்கம் வளர்ந்துவிட்டது. நான் திருத்தவில்லை.

பிணம் காத்திருக்காது என்று எழுதினீர்கள். பந்தி காத்திருக்கும், வாருங்கள். பூசாரி சாயங்காலம் இன்னொரு நல்ல நேரம் பார்த்திருக்கிறார். குமுதாவின் கழுத்தில் கயிறு இருக்கிறது, கழுத்துருவுக்கு இடம் இருக்கிறது. மணவறையைப் பிரிக்கவில்லை. பொண்ணு மாப்பிள்ளை இன்னும் கோயிலைவிட்டுக் கிளம்பவில்லை.

விமான நிலைய வாசலில் ஜெயபாலன் நிற்பான். இந்தத் தடவை அட்டையில் உங்கள் பேரைப் பெரிசாக எழுதச் சொன்னேன். பின் சீட்டைக் கழற்றியது கழற்றியபடியே இருக்கிறது. வேகமாக ஓட்டாதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

கலாதேவி

*

வேனிலிருந்து, தாப்பா தாண்டி
22 ஜூன், ஞாயிறு

வேன் ஆடுகிறது, எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தை விமான நிலையத்திலேயே படித்தேன். நாச்சாள் ஆச்சிக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். அவர்கள், "நம்ம பக்கத்துல ஒரு கல்யாணத்துல இப்படிக் காத்திருந்திருப்பாகளா?" என்று கேட்டுவிட்டு, அதற்கு அவர்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள். பதிலை எழுத மாட்டேன், எங்கள் வீட்டு மானம் போய்விடும். ஜெயபாலன் உங்கள் பேச்சைத் தட்டாத தம்பி. லாரிகூட எங்களை முந்திக்கொண்டு போகிறது.

அத்தனை பேரும் பசியோடு இருக்கிறார்கள் என்று படித்ததும், விமானத்தில் கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் பைக்குள் வைத்துவிட்டேன். திருச்சியில் விமானம் என்னை விட்டுவிட்டுப் போனபோது, இனி என்னை யார் எதிர்பார்ப்பார்கள் என்று நினைத்தேன். இலையை அறுத்துக் கழுவி வைக்கச் சொல்லுங்கள். இன்னும் ஒரு மணி நேரம். கழுத்துரு என் மடியில்தான் இருக்கிறது. பிள்ளைகள் போட்ட சட்டம் கல்யாணம் முடிகிறவரைதான். தாலி ஏறிவிட்டது, சட்டம் செல்லாது.

இதைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் போன் அடிக்கும். வைத்துவிடாதீர்கள், அக்கா.

புனிதா